ஆசிரியர் புகழ்ந்த கடற்போர்

அந்த இணைய இதழின் அலுவலகத்தில் அவளைக் 'கறார்' என்றுதான் சொல்வார்கள். வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு எழுதுவது அவள் வேலை. கடைசிக் கட்டம் வரை விளையாடாமல் ஒரு வரி எழுதமாட்டாள். கழுத்து பிடித்துக்கொள்ளும், கட்டைவிரல் மரத்துப்போகும். ஆனாலும் "கறார் சொன்னா வாங்கலாம்" என்று முகம் தெரியாத ஆட்கள் நம்பினார்களே, அந்தப் பெயர்தான் அவள் சொத்து.

அந்தச் சொத்தில்தான் இதழின் ஆசிரியர் கைவைத்தார். ஒரு கார்ப் பந்தய கேமுக்கு அவள் போட்ட நாலு, மறுநாள் இணையதளத்தில் ஒன்பதாக விடிந்திருந்தது. கீழே அவள் பெயர். பக்கத்திலேயே அதே கம்பெனியின் விளம்பரம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குப்பையை வாங்கி ஏமாந்தவர்கள் அவளைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். தம்பி தட்டிலிருந்து நிமிராமலே, "எவ்வளவு வாங்கினேக்கா?" என்று கேட்டான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆசிரியரிடம் போய்க் கேட்டாள்.

"விளம்பரம் இல்லன்னா உனக்குச் சம்பளம் ஏதும்மா? கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றார்.

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். சமாதானமாகிவிட்டாள் என்று அந்த மகானுபாவர் நினைத்துக்கொண்டார். அவள் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள்.

அதே கம்பெனி அடுத்து ஒரு போர் கேம் கொண்டுவந்தது. விமர்சனம் எழுதுகிறவரை வெளிநாட்டு விழாவுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றதும் ஆசிரியருக்குத் திடீரென்று எழுத வந்துவிட்டது. விளையாடவெல்லாம் இல்லை. என்னென்ன சிறப்பு என்று விமர்சகர்களுக்குக் கம்பெனி முன்கூட்டியே ஒரு கையேடு அனுப்பும். அதைப் பார்த்தே தீட்டிவிட்டார். 'அந்தக் கடற்போரில் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது' என்று ஒரு பத்தி. மதிப்பெண் பத்து.

கையேடு அச்சான பிறகு, கம்பெனி அந்தக் கடற்போரை கேமிலிருந்தே தூக்கிவிட்டிருந்தது. விமர்சனத்துக்கென்று முன்கூட்டியே வந்த பிரதியைப் பழக்கதோஷத்தில் கடைசிவரை விளையாடிப் பார்த்திருந்த அவளுக்கு அது தெரியும். அதில் கடலே கிடையாது.

"வெளியிடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடும்மா" என்று அவளிடமே நீட்டினார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனிதர் பிழைத்துக்கொள்வார். நாக்கு நுனிவரை வந்தது. தம்பியின் குனிந்த தலை நினைவுக்கு வர, விழுங்கிவிட்டாள்.

"எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல சார்."

கேம் வெளிவந்த அன்றே ஊர் சிரித்தது. 'ஐயா, கடல் எங்கே?' என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மானம் கப்பலேறியது. இதழின் முதலாளி ஆசிரியரைக் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் போனவர் வெளுத்த முகத்தோடு வெளியே வந்து நேராக அவள் மேசைக்கு நடந்தார். எல்லாரும் வேலை பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"கடல் இல்லன்னு உனக்குத் தெரியும்தானே? ஏன் சொல்லல?"

அவள் நாற்காலியை நிதானமாகத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க விளையாடிப் பாத்துதான் எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன் சார்."