‘லாக் ஓகே’ என்றது பெட்டி

போன வருடம் சித்திரை மாதம் நடந்தது இது. புதுக்கோட்டையில் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் நானும் என் தோழியும் வேலை பார்க்கிறோம். விஷயம் அங்கே தொடங்கி, நார்த்தாமலைப் பக்கம் அவளுடைய அப்பாவின் கிணற்றடியில் போய் முடிந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எதையும் லேசில் நம்ப மாட்டேன். பால்காரர், "இன்னைக்கு நல்ல பாலும்மா" என்றால், அப்படியானால் நேற்று ஊற்றியது என்ன என்று யோசிப்பேன். மற்றவர்கள் எழுதும் புரோகிராமைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்ததே இந்தக் குணத்தால்தான்.

கிணற்று மோட்டாரைச் செல்போனிலிருந்து ஓட்டும் புரோகிராம் ஒன்றை எங்கள் கம்பெனி செய்துகொண்டிருந்தது. போன் சொல்வதைக் கேட்டு மோட்டாரை ஓட்டும் முதல் பெட்டியைத் தோழியின் அப்பா வயலில்தான் மாட்டினோம். அவளுடைய தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறான். இங்கே த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் அவன் போனுக்குத் தகவல் போகும். அவன் அங்கிருந்து போனில் தட்டுவான். இங்கே கடலைக்குத் தண்ணீர் பாயும். அப்பாவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை.

ஆனால் அப்பா கிணற்றுக்குள் இறங்கியிருக்கும் நேரத்தில், அது தெரியாமல் மகன் தட்டிவிட்டால்? தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் மோட்டார் அது. ஒயரில் ஒட்டுப்போட்ட இடங்கள் வேறு; ஓடினால் தண்ணீரில் கரண்ட் பாயலாம். பெட்டியில் அதற்கென்று ஒரு பூட்டு சுவிட்ச் உண்டு. இறங்குமுன் அதை அழுத்திவிட்டால், யார் எங்கிருந்து தட்டினாலும் மோட்டார் ஓடக்கூடாது. அதற்கான புரோகிராமைத் தோழிதான் எழுதினாள்.

அவள் எழுதிய ‘மோட்டாரை ஓட்டு’ என்ற பகுதி தானாக எதையும் முடிவு செய்யாது. கரண்ட் சரியாக இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, பூட்டு என்ன சொல்கிறது என்று வேறு மூன்று பகுதிகளைக் கேட்கும். பதிலைப் பொறுத்து ஓட்டும், இல்லையென்றால் சும்மா இருக்கும். மாடி அறையில் கிணறும் இல்லை, மோட்டாரும் இல்லை. அதனால் சோதிக்கும்போது அந்த மூன்றுக்கும் பதிலாக ஆளுக்கொரு டம்மியை நிறுத்துவோம். ஆங்கிலத்தில் இதை மாக் என்பார்கள்; எங்களுக்கு டம்மிதான். நாம் சொல்லிக்கொடுத்த பதிலை டம்மி அப்படியே சொல்லும்.

பூட்டு டம்மி ‘லாக் ஓகே’ என்று சொன்னால் மோட்டார் ஓட வேண்டும், சொல்லாவிட்டால் ஓடக் கூடாது. இதுதான் அவள் எழுதிய சோதனை. ஓட்டிக் காட்டினாள். எல்லாம் முதல் தடவையிலேயே பச்சை, அதாவது பாஸ்.

முதல் தடவையிலேயே பச்சை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இவள் எங்கேயோ ஏமாற்றுகிறாள் என்றே நினைத்தேன். புரோகிராமில் பூட்டைக் கேட்கும் வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். ஓட்டினாள். டக்கென்று சிவப்பு வந்தது. அதாவது சோதனை விழித்துக்கொண்டுதான் இருக்கிறது.

"எங்க அப்பா கிணத்துக்கு நான் தப்பா எழுதுவேனாடி?" என்று கேட்டாள். எனக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. டம்மி மூன்றும் ரொம்ப நல்ல பிள்ளைகளாக இருந்தன. அவ்வளவு நல்ல பிள்ளைகளைக் கண்டால் எனக்கு ஆகாது.

மறுநாள் இருவரும் வயலுக்குப் போய்ப் புது புரோகிராமைப் பெட்டியில் ஏற்றினோம். மோட்டாரைச் சுற்றிச் சேறு கட்டிக்கிடந்தது என்று அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். இத்தனை நாளும் கரண்டை அறுக்கப் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிவிட்டு இறங்கியவர், அன்று பூட்டு சுவிட்சை மட்டும் அழுத்தினார்.

"கட்டையையும் பிடுங்கிருங்கப்பா" என்றேன்.

"அதுக்குத்தானம்மா மக சுவிட்சு செஞ்சு குடுத்துருக்கா. பெறகெதுக்குக் கட்டையப் பிடுங்கணும்?" என்று படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்டார்.

எனக்கு என்ன தோன்றியதோ, போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இங்கிட்டு வாங்கப்பா. தம்பி ஒரு தடவ தட்டிப் பாக்கட்டும். ஓடலைன்னா எறங்குங்க."

தோழிக்கு வந்ததே கோபம். என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனை எடுத்தாள். "டேய், மோட்டாரைத் தட்டுடா" என்றாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மோட்டார் ஓடியது.

குழாய் ஒரு முறை இருமிவிட்டுத் தொட்டியில் தண்ணீரைக் கொட்டியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். போனில் தம்பி சந்தோஷமாகக் கேட்டான்: "தண்ணி வருதாக்கா?"

அப்பாதான் போனை வாங்கி, "வருதுப்பா, நல்லா வருது" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. நான் ஓடிப்போய்ப் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கினேன்.

அப்புறம் அவள் வரப்பிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். சுவிட்சை அழுத்தியதும் பெட்டி அனுப்பிய செய்தி அதில் இருந்தது: ‘லாக் ஓகே’. பூட்டு சரியாக விழுந்துவிட்டது, ஆள் உள்ளே இருக்கிறார் என்று பெட்டி சொன்னது. பூட்டு விஷயம் ஓகே, தாராளமாக ஓட்டலாம் என்று அவள் புரிந்துகொண்டிருந்தாள். அந்த அர்த்தத்தைத்தான் டம்மிக்கும் சொல்லிக்கொடுத்தாள். டம்மி அதையே அவளிடம் திருப்பிச் சொன்னது. அவள் ஏமாற்றவில்லை, சோதனையும் பொய் சொல்லவில்லை. நிஜப் பெட்டியிடம்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டை இருக்கும் இடம் தெரியாமல் நான் அவளையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

அவள் அழுதாள். நானும்தான். அப்பா எங்கள் இருவருக்கும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. பியூஸ் கட்டைகளை மடியில் செருகிக்கொண்டு இறங்கிச் சேற்றை அள்ளிவிட்டு வந்தார்.

அந்தத் தப்பை அவள் அன்றே திருத்தினாள். இப்போதும் டம்மிகளை வைத்துத்தான் சோதிக்கிறோம். அவை இல்லாமல் எங்கள் வேலை ஓடாது. ஆனால் டம்மியின் ஒவ்வொரு பதிலையும் நிஜப் பெட்டியிடம் ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் எதையும் வெளியே விடுகிறோம். அதற்கென்று இன்னொரு பெட்டியை ஆபீஸ் மேஜை மேல் கொண்டுவந்து வைத்தது தோழிதான்.

தம்பியிடம் மட்டும் இன்றுவரை நாங்கள் எதுவும் சொல்லவில்லை. கரண்ட் வந்ததும் அவன் அங்கிருந்து தட்டுகிறான். தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறான். வருகிறது என்று சொல்ல இங்கே அவனுடைய அப்பா இருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம், சந்தேகப்பட்டு ஒரு தோழியின் மனதை நோகடித்தது அப்படியொன்றும் பெரிய பாவமில்லை என்று மனது ஆறுதல் அடைகிறது.