கதிரைக்கு முன்னம் குசினி

நெடுந்தீவுப் படகில் என் பக்கத்தில், சேலைத் தலைப்பால் முக்காடிட்டு இருந்தவர் வேறொரு தீவில் தனியார் பாலர் பள்ளி நடத்துபவர். எதைக் கேட்டாலும் கடலை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். நான் நெடுந்தீவில் தொடங்கவிருந்த பள்ளிக்கான மேசை, கதிரைப் பட்டியலைக் காட்டினேன்.

“கதிரை கிடக்கட்டும் அண்ணை. காத்தெழும்பிப் படகு நிண்டா, யாழ்ப்பாணத்திலயிருந்து வாற ரீச்சர் எங்க படுப்பா?”

“அயலட்டையில ஆரும் இடம் குடுப்பினம்.”

“ரெண்டு நாள் குடுப்பினம். மூண்டாம் நாள் ரீச்சருக்கே வெக்கமாயிருக்கும். பிறகு படகு ஓடினாலும் அவ வரமாட்டா. முதல்ல அவ தங்க ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும் கட்டுங்கோ. பிள்ளையள் பாயில இருந்தும் படிப்பினம்.”

அப்படியே கட்டினேன். இந்தக் காற்றுக்காலத்தில் படகு நின்ற நாட்களிலும் பள்ளி மணி அடித்தது. எத்தனை ஆசிரியைகள் திரும்பி வராமல் போனபிறகு அவருக்கு இது விளங்கியதோ, அன்று கேட்கத் தோன்றவில்லை.