நான் நரைக்க வைத்த முகம்

இப்போதெல்லாம் கல்யாணப் பார்ட்டி போன் செய்தால் எனக்கு எடுக்கவே பயமாக இருக்கிறது. கடலூரில் ஸ்டுடியோ போர்டு மாட்டிப் பிழைப்பவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் போனை எடுத்ததும் முதலில் ஒரு ரீல்ஸ் வந்து விழும். பின்னாலேயே "இதே மாரி வேணும் மேடம்" என்று ஒரு குரல் வரும். பெண் தண்ணீருக்குள் நிற்க வேண்டும், நாலு பக்கமும் புகை வர வேண்டும், மேலே ட்ரோன் சுற்ற வேண்டும். யாரோ எந்த ஊரிலோ எடுத்ததை நான் எங்கள் கடற்கரையில் மறுபடி எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

எனக்கென்று ஒன்றும் தோன்றாமல் போய்விட்டதோ என்ற பயம் அப்படித்தான் வந்தது. கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அடுத்தவர் யோசனையெல்லாம் கண்முன்னால் ஓடும், என் மண்டையில் ஒன்றும் ஓடாது. இப்போது நினைத்தால் அது சின்னப் பயம். பெரிய பயத்தை நானே உட்கார்ந்து, ஆசை ஆசையாகச் செய்து வைத்துக்கொண்டேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். அங்கே ஒரு கல்யாணத்துக்குப் பெண்ணின் தாய்மாமன் என்னைப் பேசினார். பெண்ணுக்கு அப்பா இல்லை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, படகு மட்டும் கரை ஒதுங்கியது என்று சொன்னார். சொல்லிவிட்டு வழக்கம்போல ஒரு ரீல்ஸ் அனுப்பினார். இறந்துபோன ஒரு அப்பா மேகத்திலிருந்து இறங்கி வருகிறார், மகள் தலையில் கை வைக்கிறார், மண்டபமே அழுகிறது. ஏஐ வேலை.

"அக்காகிட்ட மூச்சு வுடாதீங்க மேடம். சர்ப்ரைஸா இருக்கணும். பொண்ணு அழுவணும், சபையே அழுவணும்" என்றார்.

"அண்ணே, அவரு போட்டோ ஒண்ணு நல்லதா அனுப்புங்க" என்று மட்டும்தான் நான் கேட்டேன். கேட்க வேண்டிய வேறு எதையும் கேட்கவில்லை.

வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தை அவர் போனில் எடுத்து அனுப்பினார். இளம் வயசு, அடர்ந்த மீசை, கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் முறைப்பு. படத்துக்குப் பொட்டும் இல்லை, மாலையும் இல்லை, கீழே விளக்கும் இல்லை. போனவர் படத்தை நம் பக்கத்தில் யாராவது இப்படி வெறுமனே விடுவார்களா? ஏழைக் குடும்பம், கவனித்திருக்க மாட்டார்கள் என்று நானே பெரிய மனசு பண்ணி, சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தேன். ரோஜா மாலை போட்டேன். பக்கத்தில் ஒரு விளக்கு ஏற்றினேன். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' போடாமல் விட்டிருந்தார்கள். அதையும் பார்த்தேன். அச்சடித்தவர் சொதப்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிசப்ஷன் அன்று சாயங்காலம், கூட்டம் வருவதற்கு முன்னால், மேடையில் இருந்த பெரிய எல்இடி திரையில் வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். மேகம் விலகியது. மாலையோடு அவர் இறங்கி வந்தார். நன்றாகவே வந்திருந்தது. பின்னால் யாரோ நிற்பது மாதிரி இருக்க, திரும்பினேன். பெண்ணின் அம்மா. கையில் வெற்றிலைத் தட்டு, நெற்றி நிறைய குங்குமம், தலை நிறைய மல்லி, கழுத்தில் புதுசாக மஞ்சள் பூசிய தாலிக்கயிறு.

அந்தப் பூவையும் பொட்டையும் பார்த்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது. இவர் இன்னும் தாலியை எடுக்கவில்லை. இவர் கணக்கில் அவர் சாகவில்லை. மகள் கல்யாணத்தில், இவ்வளவு பெரிய திரை போட்டு, நான் இவர் தாலியை அறுக்க இருந்தேன்.

"யாரும்மா அவுருக்கு மால போட்டது?" என்றார்.

திரையை அணைக்கப் போய், பதற்றத்தில் தப்பான பட்டனை அழுத்தினேன், படத்தில் இருந்தவர் அப்படியே திரை முழுக்க நின்றுவிட்டார். இவர் ஒரு சத்தம் போட்டால் போதும். சொந்தக்காரர்கள் ஓடி வருவார்கள், கேமராவை உடைப்பார்கள், என்னையும் உடைப்பார்கள். அதைத் தப்பு என்று நானும் சொல்ல மாட்டேன்.

பெண்ணின் அம்மா சத்தம் போடவில்லை. "ஊரே சொல்லுச்சு, காரியத்த முடிச்சிடுன்னு. எங்கூடப் பொறந்தவனும் சொன்னான். நான் பண்ணல. பொணம் வந்துச்சா? வர்ல. அப்ப எப்புடிப் பண்ணுவன்?" என்றார். பிறகு, "மொதல்ல அந்த மாலய எடு" என்றார்.

எடுத்தேன். பொட்டை எடுத்தேன், விளக்கை எடுத்தேன், மேகத்தையும் எடுத்தேன். வெறும் முகம் மட்டும் லேப்டாப்பில் நின்றது. அதை அவர் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அதைக் கேட்டார்.

"இந்நேரம் அவுருக்கு நரச்சிருக்கும்ல? இந்த மிசினு அதக் காட்டுமா? பாத்து வெச்சிக்கிட்டா, எங்கயாச்சும் எதுர்ல வந்தா அடையாளம் தெரியும்."

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அடி வாங்காமல் தப்பித்தவளுக்கு எதையும் செய்து கொடுக்கத் தோன்றும். "செஞ்சு தர்றேங்க்கா" என்றேன்.

கல்யாணம் முடிந்து ஸ்டுடியோவில் உட்கார்ந்தேன். மெஷின் கொடுத்த முகங்கள் ஒன்றும் சரியில்லை. பேங்க் மேனேஜருக்கு வயசானது மாதிரி இருந்தன. அழித்துவிட்டு நானே இறங்கினேன். கடல் வெயில் பட்ட தோல் எங்கே கறுக்கும், கண்ணைச் சுருக்கிச் சுருக்கி எங்கே கோடு விழும், பல் போனால் கன்னம் எப்படி உள்ளே போகும் என்று ஒவ்வொன்றாக வைத்தேன். மீசையில் நரையை ஓரத்திலிருந்து ஏற்றினேன். யாரும் ரீல்ஸ் அனுப்பவில்லை, யாரும் இதே மாதிரி வேணும் என்று சொல்லவில்லை. எல்லாம் எனக்கே தோன்றியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்படித் தோன்றியது. சாப்பாடு மறந்துபோனது. சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்லத்தான் இப்போது பயமாக இருக்கிறது.

படத்தை அக்காவின் போனுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கும்பிடு வந்தது.

சில மாதம் கழித்து சிதம்பரத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. தெற்கு வீதியில் ஒரு ஜோடியை நிற்க வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். அதைக் காலையிலேயே ஸ்டேட்டஸில் வேறு போட்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் அக்கா கூப்பிட்டார். கருவாடு விற்க அவர் சிதம்பரம் வருவது உண்டு.

"யம்மா, அவுரு கெடைச்சிட்டாரு. பஸ் ஸ்டாண்டுலதான் இருக்கோம். நீ செஞ்ச அதே மொகம். சீக்கிரம் வா."

ஜோடியை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். நிஜமாகவே கிடைத்திருக்கக் கூடாதா என்று ஒரு பக்கம் வேண்டினேன். மறுபக்கம் எனக்குத் தெரியும். அந்த முகத்துக்கு உலகத்தில் சொந்தக்காரன் யாரும் கிடையாது. அதன் ஒவ்வொரு சுருக்கத்தையும் வைத்தவள் நான்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு கும்பல். எல்லார் கையிலும் போன், எல்லாப் போனும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. காணாமல் போன புருஷன் கிடைத்தார் என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊர் ஊராக வீடியோ சுற்றப் போகிறது. "போன உள்ள வைங்க, வைங்கய்யா!" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தேன். ஒருவரும் வைக்கவில்லை.

நடுவில் ஒரு பெரியவர் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் போனை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "நீயே பாரும்மா. நீதானே செஞ்ச. சொல்லு."

பார்த்தேன். ஓரத்தில் ஏறிய நரை. உள்ளே போன கன்னம். கண்ணோரம் அதே கோடுகள். என் வேலை உயிரோடு உட்கார்ந்து என்னையே பயந்து பார்த்தது. ஒரு நிமிஷம் நானே நம்பிவிட்டேன்.

அந்த மனுஷன் அதுவரை மிரண்டுபோய் வாயே திறக்காமல் இருந்திருக்கிறார். அக்கா அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "ஒரு வார்த்த பேசு. பேரச் சொல்லிக் கூப்புடு என்னிய" என்றார்.

"எனக்குக் காடாம்புலியூரும்மா. முந்திரிக்கொட்ட யாவாரம். பொண்ணு வூட்டுக்கு வந்தன். நீங்க யாருன்னே தெர்லம்மா, என்ன வுட்டுருங்க" என்றார் அவர். கீச்சுக் குரல். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அக்கா அந்தக் குரலைத் தலை சாய்த்துக் கேட்டார். பிறகு பிடித்திருந்த கையை மெதுவாக அவர் மடியிலேயே வைத்தார். "மன்னிச்சிக்கண்ணே" என்றார்.

அண்ணே என்ற அந்த ஒரு வார்த்தையில் கும்பலுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பெரியவர் பையை எடுத்துக்கொண்டு, வந்து நின்ற ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அக்காவைக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

"இந்தப் படத்த அழிச்சிடும்மா."

எனக்குப் போன உயிர் வந்தது. கேலரியில் அழித்தேன். வாட்ஸாப்பில் அழித்தேன். எங்கேயாவது ஒளிந்திருக்குமோ என்று தேடித் தேடி அழித்தேன். "இனிமே எங்கயும் இல்லக்கா" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "வூட்டுல மாட்டியிருக்குற படத்தப் பாத்தா இப்பல்லாம் யாரோ சின்னப் பையன் மாரி இருக்கும்மா" என்றார். "கண்ண மூடுனா நீ செஞ்ச மொகந்தான் வருது. அவுரு மொகம் வரவே மாட்டங்குது. இத அழிச்ச மாரி, அத எப்புடி அழிக்கிறது?"

கோபமாகக் கேட்கவில்லை. அதற்கும் எங்கேயோ ஒரு பட்டன் இருக்கும், எனக்கு அது தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டார்.