அடிவாரத்து மண்டபம்

மகளுக்கு ஜப்பானில் வேலை. அங்கே ஒரு மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போயிருந்தாள். என் முழங்கால் படியேற விடாது என்பதால் அடிவாரத்து மண்டபத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் யாரோ மெழுகுவர்த்தி ஏற்றத் தீக்குச்சியை உரசினார்கள். கந்தக வாடை. எங்க அப்பாவின் சட்டை வாடை அது.

அறுபதுகளில் அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மருந்து கலக்கினார். ஒருநாள் மருந்து பற்றிக்கொண்டது. புருவம் கருகியதோடு தப்பியவர், எங்க ஊர்ப் பக்கத்து மலைக்கோயிலுக்கு ஏறி விளக்குப் போடுவதாக நேர்ந்துகொண்டார். ஆடி அமாவாசைக்குப் போனோம். பாதி மலையில் இருமல் அவரை உட்கார வைத்துவிட்டது.

"நீயும் அம்மாவும் போயிட்டு வாங்க தாயி."

நாங்கள் விளக்குப் போட்டுவிட்டு இறங்கி வந்தோம். அம்மா திருநீற்றை நீட்டினாள். அவர் நெற்றியைக் காட்டவில்லை.

"ஏறாதவனுக்கு என்னத்துக்கு?"

அதன்பிறகு வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், "எல்லாம் நான் செஞ்ச சாமிகுத்தம்" என்பார். தம்பி பிறந்த மறுநாளே இறந்துபோனபோதும் அதைத்தான் சொன்னார். சாகும்வரை அவர் திருநீறு பூசவில்லை.

மண்டபத்துப் பலகையை மகள் படித்துச் சொன்னாள்.

"இவங்களுக்கு மலைதான் சாமியாம்மா. உச்சியில கோயில், நடுவுல வாசல். இந்த மண்டபத்தை ஏற முடியாதவங்களுக்குன்னே அந்தக் காலத்துல கட்டியிருக்காங்க. இங்கன இருந்து கும்பிட்டாலே மேல போய்க் கும்பிட்ட மாதிரியாம்."

நான் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டேன்.