தாடிக்காரனின் இடது கால்

நான் லோடுமேன். அருப்புக்கோட்டையில் ஒரு கிட்டங்கியில் மல்லி மூட்டையும் துவரை மூட்டையும் லாரிக்கு ஏற்றுவது எங்கள் வேலை. பன்னிரண்டு பேர், ஒரு கொத்து. மழை பெய்த ஒரு நாள் லாரிக்குச் சாய்த்துப் போட்ட பலகையில் கால் வழுக்கி மூட்டையோடு விழுந்தேன். இடது முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். எட்டு மாதம் வீட்டில் கிடந்தேன்.

ஊர் திருச்சுழி பக்கம். ஜன்னலைத் திறந்தால் கருவேலங்காடு. அதை எவ்வளவு நேரம் பார்ப்பது. என் மச்சினன் ஒரு பழைய போனைக் கொண்டுவந்து கொடுத்தான். அவனும் எங்கள் கொத்துதான். கூண்டுச் சண்டை பார்க்கச் சொன்னான், பொழுது போகும் என்று. கம்பிவலைக்குள் ரெண்டு பேரை விட்டுக் கதவைச் சாத்துவார்கள். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம், கழுத்தை நெரிக்கலாம். தாங்க முடியாதவன் எதிராளி மேல் தட்டிக் காட்டினால் அத்தோடு முடிந்தது. கொத்தில் பாதிப் பேருக்கு அதில் கிறுக்கு. நான் அதுவரை கண்டுகொண்டதில்லை. படுத்துக் கிடந்ததில் எனக்கும் பிடித்துப்போயிற்று.

வெளிநாட்டுப் பேரெல்லாம் எங்கள் வாயில் நுழையாது. அடையாளத்தை வைத்துச் சொல்லிக்கொள்வோம். தாடிக்காரன், நெட்டையன், காது சப்பையன். இதில் தாடிக்காரனுக்கும் இடது முட்டியில் ஜவ்வு கிழிந்திருந்தது. ஒரு வருசம் அவன் கூண்டுக்குள் வரவில்லை. இப்போது நெட்டையனோடு மோதப்போகிறான் என்று அறிவித்தார்கள். அங்கே சனிக்கிழமை ராத்திரி. நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை.

எனக்கும் அப்போது ஒரு கெடு இருந்தது. என் இடத்தை வேறு ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருந்தான். எட்டு மாதமும் பதினோரு பேர் பன்னிரண்டு ஆள் வேலையை இழுத்தார்கள். திங்கட்கிழமைக்குள் வருகிறேனா இல்லையா என்று எங்கள் கொத்தை நடத்துகிற மேஸ்திரி அண்ணனிடம் சொல்ல வேண்டும். வந்தால் முழு ஆளாக வர வேண்டும். மூட்டையோடு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு நடை. ஒருத்தனுக்கு நடை குறைந்தால் இன்னொருத்தன் அதையும் சேர்த்து ஏற வேண்டும். போகவில்லையென்றால் ஏதாவது மில் வாசலில் காவல் வேலைதான் கிடைக்கும். நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிற வேலை எனக்கு ஆகாது.

சனிக்கிழமை மதியம் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து நொண்டாமல் நடந்தேன். நேராக நடந்தால் ஒன்றும் தெரியாது. திரும்பும்போதுதான் கால் சொன்ன பேச்சைக் கேட்காது.

கிட்டங்கிச் சுவருக்கு வெளியே வரும்போதே சத்தம் கேட்டது. நாளைச் சண்டையைப் பற்றித்தான் பேச்சு. தாடிக்காரன் தீர்ந்தான் என்று எல்லாரும் ஒரே முடிவாக இருந்தார்கள். முட்டி போனவன் எப்படி உதைப்பான், உதைக்காதவன் நெட்டையன் கிட்டே எப்படிப் போவான். முதல் ரவுண்டு தாண்ட மாட்டான் என்று என் மச்சினனே அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் உள்ளே நுழைந்தேன். பேச்சு மாறிவிட்டது. மச்சினன்தான் முதலில் மாறினான். ஒரு வருசம் ஓய்வு எடுத்திருக்கிறான், உடம்பு தேறியிருக்கும், தாடிக்காரன்தான் ஜெயிப்பான் என்றான். இன்னும் ரெண்டு பேர் ஆமாம் போட்டார்கள்.

எங்களில் வெற்றிலை போடுகிற ஆள் ஒருத்தன். அவன் வாய் சும்மா இருக்காது. "ஏலே, இப்பத்தான அவனுக்குக் கருமாதி வச்ச?" என்றான்.

"அது வேற ஆளச் சொன்னேன்" என்றான் மச்சினன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை.

மேஸ்திரி அண்ணன் அதில் சேரவில்லை. அவுக பேசுவதே குறைச்சல். போனை என்னிடம் நீட்டினாக. தாடிக்காரன் பயிற்சி எடுக்கிற வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாக.

மற்ற ஊரில் இந்தச் சண்டை பார்க்கிறவர்கள் கையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள் என்று மச்சினன் படித்துச் சொல்வான். நாங்கள் காலைப் பார்ப்போம். முதுகில் மூட்டையோடு பலகையில் ஏறும்போது முன்னால் போகிறவனின் கால் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அது தடுமாறினால் நாம் நின்றுவிட வேண்டும். அதனால் எந்த ஆளையும் நாங்கள் காலை வைத்துத்தான் எடைபோடுவோம்.

மூன்று தடவை பார்த்தேன். தாடிக்காரன் தொங்குகிற மூட்டையை வலது காலால் உதைக்கிறான். நல்ல வேகம். ஆனால் உதைக்கும்போது ஊன்றிய கால் தரையிலேயே சுழல வேண்டும். அவனுடைய இடது கால் சுழலவில்லை. சின்னதாக ஒரு குதி குதித்து உடம்பை மொத்தமாகத் திருப்பினான். வேகத்தில் அது தெரியாது. எனக்குத் தெரிந்தது. பலகை உச்சியில் நின்று, மூட்டையை லாரிக்குள் அடுக்கியிருக்கிற அட்டியில் போட அப்படி ஊன்றிய காலில் சுழன்றுதான் திரும்ப வேண்டும். ஒரு வாரமாக ஊரில் மூட்டை இல்லாமல் வெறும் ஆளாக அதைத்தான் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். குதித்துத்தான் திரும்பினேன்.

ஜெயிப்பான் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். பலகையில் எனக்குப் பின்னால் ஒருத்தன் மூட்டையோடு வருவான் என்பதுதான் நினைப்பில் இருந்தது.

"தோத்துருவாண்ணே" என்றேன்.

"எத வச்சுச் சொல்ற?"

"ஊனுன காலு திரும்பல. குதிச்சுத் திரும்புறான்."

அவுக போனை வாங்கி, பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாக. பார்த்துவிட்டு என் காலைப் பார்த்தாக.

"ஒனக்கு?"

"எனக்கும் அப்படித்தான்."

மேஸ்திரி போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு லாரி நிற்கிறது என்று எல்லாரையும் எழுப்பிவிட்டாக. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். கால் இன்னும் சரியாகவில்லை என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டதைப் பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சண்டை பார்க்கப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். மச்சினன் பைக்கோடு வந்து வாசலில் நின்றான். டவுனில் ஒரு டீக்கடையில் சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, மேஸ்திரியோடு கொத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

மணி அடித்ததும் நெட்டையன் அந்த இடது காலைத்தான் உதைத்தான். நான் பார்த்ததை அவனும் பார்த்திருக்கிறான். நாலாவது உதையில் தாடிக்காரன் நொண்டினான். மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரெண்டாவது ரவுண்டில் நெட்டையன் மறுபடி உதைக்கக் காலைத் தூக்கினான். தாடிக்காரன் அதைப் பிடித்துக்கொண்டு அவனோடு சேர்ந்து கீழே விழுந்தான். அதற்கப்புறம் தாடிக்காரன் எழுந்து நிற்கவே இல்லை. தரையிலேயே ஊர்ந்து நெட்டையனின் முதுகுப்பக்கம் போய்க் கழுத்தைப் பிடித்து நெரித்தான். நெட்டையன் தட்டிக் காட்டிவிட்டான்.

"ஒன் வாயில விழுந்தவன் நல்லா இருப்பான் போலருக்கே" என்றான் வெற்றிலைக்காரன். கடையே சிரித்தது.

நின்று ஜெயிக்கவில்லையே என்றேன். ஜெயித்தானா இல்லையா என்று கேட்டான். ஜெயித்தான் என்று ஒத்துக்கொண்டேன். ஆனாலும் அவன் கால் ஆறவில்லை என்று நான் சொன்னதில் மாற்றம் இல்லை.

மேஸ்திரி டீயைக் குடித்து முடித்து எழுந்தாக.

"காலையில ஆறு மணிக்கு வந்துரு" என்றாக.

"என்னால ஏற முடியாதுண்ணே."

"ஒன்னைய யாரு ஏறச் சொன்னா?"

பலகைக்குக் கீழே நின்று மூட்டையைத் தூக்கி, ஏறுகிறவன் முதுகில் வைக்க ரெண்டு பேர் வேண்டும். திரும்ப வேண்டியதில்லை, ஊன்றி நின்றால் போதும். ஆனால் அது யாருக்கும் நிரந்தரம் இல்லை. பத்து நடை ஏறியவன் மூச்சு வாங்க அங்கே வந்து நிற்பான். எல்லாருக்கும் முறை உண்டு. அந்த ரெண்டு இடத்தில் ஒன்றை எனக்கே விட்டுவிடுவது என்று மேஸ்திரி முடிவு செய்திருந்தாக. மற்றவர்களுக்கு ஓய்வு பாதியாகக் குறையும். யாரைக் கேட்டாக, எப்போது கேட்டாக என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை துவரை லோடு. நான் போய்க் கீழே நின்றேன். முதல் நடைக்கு வெற்றிலைக்காரன் வந்தான். எங்கள் முறையெல்லாம் போச்சு, இனி சாகிறவரைக்கும் ஏற வேண்டியதுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து எனக்கு முன்னால் குனிந்தான்.

"ஏத்து" என்றான்.

ஏற்றிவிட்டேன்.