இருவாச்சிக்கு நான் செய்த உபகாரம்

வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் ஒரு உயிரைக் காப்பாற்றப் புறப்பட்டேன். கையில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருந்தேன். அந்த உயிர் போனதற்கு நானே காரணம். பறவைகளைப் பற்றி மட்டும் வீட்டில் பதினோரு புத்தகங்கள் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அட்டைகள் அழகாக இருக்கும்.

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில், ஒரு அக்கா வீட்டில் அறை எடுத்துத் தங்கி எழுதிக்கொண்டிருந்தேன். எழுதியது சொற்பம். அவருடைய புளியமரங்களை எல்லாம் உலுக்கி முடித்திருந்தார்கள். கொல்லைக் கோடியில் நின்ற ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. ஏன் என்று கேட்டிருக்கலாம். படித்தவன் எங்கே கேட்கிறான்? அந்த மரத்துப் பொந்தின் வாய் மண் பூசி அடைபட்டிருந்தது. விரல் நுழையும் கீறல்தான் மிச்சம். உள்ளே ஒரு அலகு அசைந்தது. வெளியே இன்னொரு பறவை அந்தக் கீறலை முட்டிக்கொண்டிருந்தது. எவனோ துணையை உள்ளே வைத்துப் பூசிவிட்டான், இது மீட்கத் துடிக்கிறது என்று நானாக முடிவு கட்டினேன். ஏணி போட்டு ஏறி, பூச்சு முழுவதையும் பெயர்த்துப் போட்டேன்.

"இன்னா சார் பண்ணி வச்ச!" என்று அக்கா முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "இருவாச்சி சார் அது. முட்டை வக்க உள்ள போயி அதுவே பூசிக்கும். றெக்கைய உதுத்துட்டுக் குந்தினு இருக்கும், பறக்கக்கூட முடியாது. ஆம்பளதான் பழம் எடுத்தாந்து ஊட்டும். அதுக்குன்னுதான் இந்த மரத்த உலுக்காம வுட்டு வச்சிருக்கோம்."

மண்ணைக் குழைத்து நானே பூசினேன். வெயிலில் வெடித்து விழுந்தது. மறுபடி பூசினேன், மறுபடி விழுந்தது. உள்ளே அந்தப் பறவை முட்டைகளின் மேல் ஒண்டிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. ஆண் எதிர் மரத்தில், அலகில் ஆலம்பழத்தோடு உட்கார்ந்திருந்தது, கிட்ட வரவில்லை. ஏணியில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டேன். யாரை என்று தெரியவில்லை.

"எறங்கு சார். நீ நிக்கிற வரைக்கும் அது வராது."

இறங்கினேன். இரண்டு நாள் ஜன்னலிலேயே நின்றிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் பொந்து காலியாக இருந்தது. கீழே சாம்பல் இறகுகள், உடைந்த ஒரு முட்டையோடு. மரநாயோ கீரியோ. அதற்குப் பிறகுதான் ஆண் துணிந்து வந்தது. பழத்தை உள்ளே நீட்டி நீட்டிப் பார்த்தது. வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. நான் கிளம்பிய நாள்வரை அது வந்துகொண்டிருந்தது.

மறு வருஷம் அக்காவுக்குப் போன் செய்து, இருவாச்சி வந்ததா என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்குப் பத்து நாள் பிடித்தது.

"வந்துச்சு சார். உள்ள எட்டிப் பாத்துச்சு, போய்டுச்சு. கதவ ஒடச்ச வூட்டுல யாரு சார் குடி வருவா?"