களிமண்ணில் எடுத்த அளவு

ஈரக் களிமண்ணின் மேல் ஒரு கணக்கு டீச்சர் உட்கார்ந்து எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். திருப்பரங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் விளாச்சேரியில், கொலுப் பொம்மை செய்கிற ஒரு வீட்டு முற்றம். பெஞ்சின் மேல் பலகை போட்டு, பிசைந்த மண்ணை இரண்டு விரல் உயரத்துக்குத் தட்டிப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தார்கள். டீச்சர் சுடிதாரைச் சரிசெய்துகொண்டு நிதானமாக உட்கார்ந்தார். எதிரில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லி, அதன் முதுகை வண்டியின் ஹேண்டில்பார்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மனதுக்குள் நூறு எண்ணினார். எழுந்தபோது மண்ணில் இரண்டு குழிகள், பின்னால் நடுவில் ஒரு சின்னத் தடம். அரைகுறையாக வண்ணம் பூசிய தசாவதாரம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. பொம்மைக்காரரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். நானும் சிரித்தேன். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிங்க, நல்லா சிரிங்க. இத்தன நாள்ல என் அளவ ஒருத்தனாச்சும் எடுத்தானா?" என்றார்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் கணக்கு, நான் தமிழ். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னைத் 'தமிழம்மா' என்றுதான் கூப்பிடுவார். பழைய அரண்மனையான மகாலுக்குப் பின்னால் சௌராஷ்டிரர்கள் நிறைந்த தெருவில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் கெடைக்கல" என்பார். அதற்கு மேல் கேட்கிற தைரியம் யாருக்கும் வந்ததில்லை. நாற்பத்தெட்டாம் வயதில், டுபுடுபு என்று தெருவையே எழுப்புகிற பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். ஸ்கூட்டர் வாங்கியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தன் முன்னோர் கிளம்பி வந்த குஜராத்துக் கடற்கரை வரைக்கும் அந்த வண்டியிலேயே போய்ப் பார்க்க வேண்டும். "நூலையும் தறியையும் பிள்ளகுட்டியையும் தூக்கிக்கிட்டு, தலமுற தலமுறயா நடந்தே வந்திருக்காங்க தமிழம்மா. நான் உக்காந்து போக முடியாதா?" என்று கேட்பார்.

அந்த உட்காருவதுதான் பிரச்சினையாகிவிட்டது. ஒரு மழைநாளில் பள்ளி மாடிப்படியில் வழுக்கி உட்கார்ந்த நிலையிலேயே நான்கு படி இறங்கினார். வால் எலும்பில் அடி. ஆறு மாதம் வகுப்பிலும் ஆசிரியர் அறையிலும் நின்றுகொண்டே இருந்தார். பேப்பர்கூட அலமாரி மேல் வைத்து நின்றபடியே திருத்தினார். அது ஆறியதும் வண்டியை எடுத்தார். அரை மணி நேரத்தில் அந்த எலும்பு, ஆணியை வைத்து அழுத்துவதுபோல வலிக்கத் தொடங்கியது.

வண்டி விற்றவர்கள் கொடுத்த சீட்டை மாற்ற அவனியாபுரத்தில் சீட் தைக்கிற ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால், "கவலப்படாதீங்க டீச்சர், மெத்து மெத்துன்னு பண்ணித் தாரேன்" என்று எதை எடுத்தாலும் பஞ்சை ஏற்றுவதே வைத்தியம் என்று இருந்தார். அவர் செய்த சீட்டில் முதல் பத்து நிமிஷம் கல்யாண வீட்டுச் சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அப்புறம் பஞ்சு அமுங்கி, எலும்பு போய்த் தகரத்தைத் தொடும். மறுபடி போனோம். இன்னும் பஞ்சு ஏற்றினார். டீச்சரின் கால் தரைக்கு எட்டாமல் போனதுதான் மிச்சம். அளவெடுத்துச் செய்யுங்கள் என்று டீச்சர் கேட்டபோது அந்த மனிதர் கூச்சத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு, "சீட்டுக்கெல்லாம் என்னங்க டீச்சர் அளவு, எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். டீச்சர் விடவில்லை. "அப்ப ஒங்க சட்டையக் குடுங்கண்ணே, நாளைக்கு நான் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போறேன்" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அளவு மட்டும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் அண்ணன் வேறு. சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறவர். தங்கையின் மேல் பாசம் உண்டு, அதைத் திட்டாகத்தான் காட்டத் தெரியும். வீட்டுக்குள் அவர்கள் தங்கள் மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். சண்டை மட்டும் நான் போயிருக்கும்போது தமிழில் நடக்கும், எனக்கும் புரிய வேண்டும் என்று. அப்படி ஒருநாள் சொன்னார்: "இந்த இடுப்ப வச்சுக்கிட்டு குஜராத்தா? மொதல்ல கன்னியாகுமரி போயிட்டு அன்னைக்கே திரும்பி வா பாப்போம். வழியில ஒரே ஒரு தடவ 'ஐயோ அம்மா'ன்னு சொன்னாலும் வண்டிய வித்துரணும். சொல்லலேன்னா நான் இனிமே வாயத் தொறக்கல." டீச்சர் யோசிக்கவே இல்லை. "சரிண்ணே. தமிழம்மா பின்னாடி உக்காந்து வரட்டும். அது பொய் சொல்லாது" என்று என்னையும் கோத்துவிட்டார். வெளியே வந்ததும் கோபமாகக் கேட்டேன், உங்கள் சம்பளம், உங்கள் வண்டி, இவரிடம் எதற்குப் பந்தயம் என்று. "தெனமும் சாப்பிட உக்காரும்போது புலம்புறாரு. அத நிப்பாட்டணும்ல" என்றார்.

விளாச்சேரி மண் அப்படித்தான் வந்தது. யோசனை முழுக்க டீச்சருடையது. கூச்சப்படுகிற கடைக்காரருக்கு எலும்பையே மண்ணில் பதித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது. குழி விழுந்த இடத்தில் கெட்டியான பஞ்சு தாங்க வேண்டும், வால் எலும்பு படுகிற இடத்தில் ஒன்றுமே இருக்கக் கூடாது. ஈர மண்ணைத் தூக்கிப் போனால் கலைந்துவிடுமே என்று மொட்டை மாடியில் நிழலில் வைத்து ஒரு வாரம் காய வைத்தார். பிறகு குழந்தையைப்போல மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டு போனோம். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்கேல் வைத்து, பஞ்சை மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டினார். மண்ணைப் பார்ப்பதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

அந்தச் சீட் முந்தையதைவிட மோசம். பள்ளத்தின் விளிம்பு குறி பார்த்ததுபோல அந்த எலும்பிலேயே இடித்தது. திருமங்கலம் தாண்டுவதற்குள் டீச்சர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார். அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே வண்டியைத் திருப்பி விளாச்சேரிக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் பொம்மைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "காய வச்சா அளவெடுத்தீங்க? காஞ்சா மண்ணு சுருங்கும்ல டீச்சர்! நாங்க பொம்மையவே அதுக்குத் தக்கனதான் பெருசாப் பிடிப்போம்" என்றார். இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்கு விகிதம் நடத்தியவர் டீச்சர். முகத்தைப் பார்த்தேன். முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "இந்தக் கணக்குக்கு நானே எனக்கு முட்டை போட்டுக்கிறேன்" என்றவர், அங்கேயே மறுபடி மண் பிசையச் சொன்னார். இந்தத் தடவை மண்ணை வண்டியில் ஏற்றவில்லை. அவனியாபுரத்துக்காரரை விளாச்சேரிக்கே வரவழைத்து, ஈரம் காய்வதற்குள் அட்டையில் அளவு வெட்ட வைத்தார். கெட்டியான பஞ்சு, அகலமான பின்பக்கம். பார்க்கச் சப்பென்று, அழகே இல்லாமல் இருந்தது. "மரப்பலகை மாதிரில்ல இருக்கு" என்று அலுத்துக்கொண்டே தைத்துக் கொடுத்தார் கடைக்காரர்.

ஒரு சனிக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பினோம். பின் சீட்டுக்கு யாரும் அளவெடுக்கவில்லை என்பது விருதுநகர் தாண்டியதும் எனக்கு உறைத்தது. கோவில்பட்டியில் நான் சொன்னேன் அந்த 'ஐயோ அம்மா'வை. நாங்குநேரிக்குள் இன்னும் நான்கு தடவை சொல்லியிருப்பேன். டீச்சர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நீ எம்புட்டு வேணாலும் சொல்லிக்க. பந்தயம் எனக்குத்தான்" என்று கத்தினார். கன்னியாகுமரியில் கடலைக் கால் மணி நேரம் பார்த்தோம், இட்லி சாப்பிட்டோம், திரும்பினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கயத்தாறு பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது டீச்சர் உட்காரவில்லை. கிளாஸைப் பிடித்தபடி நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "வலிக்குது தமிழம்மா. இல்லேன்னு சொல்லல. முன்ன ஆணி மாதிரி வலிச்சுச்சு. இப்ப பேசாம கூடவே வருது. இத வச்சுக்கிட்டு நான் எங்க வேணாலும் போவேன்." பொய் சொல்லாதவள் என்று என்னைக் கூட்டிவந்திருக்கிறார். இப்போது உண்மையையும் என்னிடமே கொடுத்துவிட்டார். அண்ணன் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலையிலேயே மிச்ச வழி முழுவதும் வந்தேன்.

சாயங்காலம் நான்கு மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தோம். வாசலில் அண்ணன் நின்றார். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வண்டியை விலை பேச வந்தவராம். தங்கை திரும்பி வருவதற்கு முன்பே ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார் மனிதர்! எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்கி நாலு கேட்டிருப்பேன். ஆனால் இறங்கியதும் கால் மடங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

டீச்சர் இறங்கவே இல்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை. அண்ணி கொண்டுவந்த சொம்புத் தண்ணீரை வண்டியில் இருந்தபடியே அண்ணாந்து குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவரைப் பார்த்து, "வண்டி பாக்க வந்தீங்களா? நல்லாப் பாத்துக்கங்க" என்றார். பிறகு அண்ணனிடம், "அண்ணே, இன்னும் கொஞ்சம் ஓட்டணும்போல இருக்கு. அழகர்கோயில் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று சொல்லி, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சத்தம் தெருமுனை தாண்டி மெல்ல அடங்கியது.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, கோபமா பயமா என்று சொல்ல முடியவில்லை. "நீ சொல்லும்மா. ஐயோ அம்மான்னுச்சா, இல்லையா?"

"ஒரு தடவகூட சொல்லலண்ணே. சொன்னதெல்லாம் நான்தான்."

"அதுக்கு வலிச்சுச்சா? உண்மையச் சொல்லு."

சுவரை விட்டுவிட்டு நேராக நின்றேன். "அதக் கேக்குற பாத்தியத நமக்கு இல்லண்ணே" என்றேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த மே மாதம் டீச்சர் குஜராத்துக்குக் கிளம்பினார்.